பூனைச்சுறாவும் சுடலைமுத்துவின் மீசையும்

மின்கம்பத்தில் புதிதாக ஒட்டியிருந்த சுவரொட்டியை நின்று படித்தேன். எதைப் பார்த்தாலும் படிக்கிற வயது எனக்கு இப்போதுதான், தலை முழுக்க நரைத்த பிறகுதான் வந்திருக்கிறது. 'இரைவனடி சேர்ந்தார்' என்று இருந்தது. பெரிய ற வர வேண்டிய இடத்தில் சின்ன ர போட்டிருக்கிறார்கள் என்று எனக்கே தெரிந்துவிட்டது. யாரிடமாவது சொல்லலாம் என்று சந்தோஷத்தில் சுற்றிலும் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் மேலே இருந்த படத்தைக் கவனித்தேன். முறுக்கிவிட்ட மீசை. மீன்கடை சுடலைமுத்து.

கடை சில நாளாகப் பூட்டியிருந்தது. ஊருக்குப் போயிருப்பார், தெரு கொஞ்சம் நாற்றமில்லாமல் இருக்கட்டும் என்று நான் நிம்மதியாக இருந்தேன். ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார்.

நமது வளர்கல்வி மையத்தின் கையெழுத்துப் பத்திரிகைக்கு அவரைப் பற்றி என்னையே எழுதச் சொன்னார் கலா டீச்சர். "அவன்" என்று தொடங்கினேன். "செத்தவங்களை அவருன்னு எழுதணும் தாத்தா" என்றார். சரி, அவர். உயிரோடு இருந்தபோது அந்த மரியாதையை நான் கொடுத்ததில்லை. எனக்கும் கிடைத்ததில்லை. உங்களில் பாதிப் பேர் அந்தச் சண்டையை வேடிக்கை பார்த்தவர்கள்தான்.

நான் ராயக்கோட்டை மண்டியில் தக்காளிக் கூடை தூக்கியவன். முதுகு ஒத்துழைக்காமல் போனதும் ஓசூரில் மகன் வீட்டுக்கு வந்தேன். சுடலைமுத்து தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். வேலை பார்த்த கம்பெனி மூடியதும் எங்கள் தெருமுனையில் மீன் வறுவல் கடை போட்டார். மீன் கழுவின தண்ணீரை எங்கள் வாசலைப் பார்த்துத்தான் ஊற்றுவார். கேட்கப் போனேன்.

"என்னவே பெருசு, நாத்தமா? கடல்ல போய்க் கேளும்."

"யாரைப் பாத்துய்யா 'வே'ங்கிறே? எங்க ஊர்ல மாட்டைக்கூட அப்படிக் கூப்பிட மாட்டோம்."

"மாடு கோவிச்சுக்கும்லா."

அன்றைக்குத் தொடங்கிய பகை. ஆனால் மீன் ருசியாக இருக்கும், அது தனி எரிச்சல். கிழித்த செய்தித்தாளில் வைத்துத் தருவார். அப்போதுதான் நான் மையத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியிருந்தேன். ஒரு சாயங்காலம் மீனை ஓரமாகத் தள்ளிவிட்டு, எண்ணெய் ஊறிய காகிதத்தைப் படித்தேன். ஆழ்கடலில், வெயில் எட்டாத இடத்தில், புதுவகைப் பூனைச்சுறா ஒன்று கிடைத்திருக்கிறதாம். சின்ன உடம்பு, பூனைக்கு இருப்பது போன்ற கண். தெரிந்த எந்த வகையோடும் சேரவில்லை என்று பார்த்து, அறிஞர்கள் அதன் அங்க அடையாளங்களை எழுதிப் பெயரும் வைத்திருக்கிறார்கள். அந்த மீன் எத்தனையோ காலமாகக் கடலில் இருந்ததுதான். எழுதிய பிறகுதான் கணக்கில் வந்திருக்கிறது. நேற்றுவரை கைநாட்டாக இருந்த எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. கடை முழுக்கக் கேட்கும்படி உரக்கப் படித்தேன்.

"கேட்டீங்களாலே? பெருசு பூனையைக் கடல்ல விடுதாரு!" என்றார் சுடலைமுத்து. "நான் பொறந்ததே கரையில. அப்படி ஒரு மீன் கெடையாது. எழுத்துத் தெரியாம வாய்க்கு வந்ததை வாசிக்கீரு."

"இதுல எழுதியிருக்குதுய்யா!"

"இருந்தா இந்த மீசையை எடுத்துருதேன்."

எனக்கு மீசைகூட வேண்டாம். 'பெருசுக்குப் படிக்கத் தெரியும்' என்று அந்த வாயால் ஒரு தடவை சொன்னால் போதும். காகிதத்தையும் அவரையும் மையத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். டீச்சர் படித்துப் பார்த்து, "தாத்தா சொன்னது சரிதான்" என்றார். நான் கத்தரிக்கோல் கேட்டேன்.

சுடலைமுத்து அசையவில்லை. "டீச்சர், அந்த மீன் பேரைப் பெருசைப் பலகையில எழுதச் சொல்லுங்க."

எழுதினேன். 'பூனைச்சுரா'. வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. என் நாக்குக்கும் கைக்கும் அப்போது ஒரே ர தான் தெரியும்.

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சுரான்னா மது, தாத்தா" என்றார்.

"பாத்தீங்களா? பூனைச் சாராயம் கடல்ல கெடையாதுன்னுதானே நானும் சொன்னேன்?" என்று மீசையை முறுக்கிக்கொண்டே வெளியே போனார்.

அதற்குப் பிறகு நான் கடையைத் தாண்டும்போதெல்லாம் ஒரே கூச்சல்தான். "பெருசு, றா! தொண்டையில முள்ளு மாட்டுன மாதிரி, றா!" அவரைத் திட்டிக்கொண்டே வீட்டில் பக்கம் பக்கமாக றா எழுதினேன். கை வலித்தது. கோபத்துக்கு நல்ல மருந்தாகவும் இருந்தது. ஒருநாள் அவர் கடைப் பலகையிலேயே 'சுறா' என்று பெரிதாக எழுதிக் காட்டினேன். "பரவால்ல, படம் நல்லா வரையுதீரு" என்றார்.

சுவரொட்டியைப் பார்த்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். துக்கம் கேட்க என்று சொன்னால் பொய். அந்த மீசையைக் கடைசியாக ஒரு தடவை முறைக்க வேண்டும் என்றுதான் போனேன். தாடைக்குக் கட்டிய துணி போதாதென்று, மூக்குக்குக் கீழே வரை இன்னொரு துணி போட்டு மூடியிருந்தார்கள். அவர் மனைவி அருகில் வந்து மெதுவாகச் சொன்னார்:

"ஆஸ்பத்திரில மூக்குல குழா வைக்கணும்னு மீசையை எடுத்துட்டாவ, அண்ணாச்சி. 'அந்தப் பெருசு வந்தா துணியைப் போட்டு மூடிரு, பாக்க விட்டுறாத'ன்னு இவுக சொன்னாவ. அதுக்கப்புறம் பேசவே இல்ல."

எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது. டீச்சர் அடித்துவிடுவார். சாகிற நேரத்திலும் விட்டுக்கொடுக்காத மனிதர்! துணி ஒரு பக்கம் நழுவியிருந்தது. இழுத்தால் போதும், ஊரே பார்க்கும். அதைத் தூக்கி நன்றாகச் செருகினேன்.

"நர்சு எடுத்த மீசையெல்லாம் கணக்குல சேராதும்மா" என்றேன்.

பார்க்க விடாதே என்றுதான் சுடலைமுத்து சொல்லியிருக்கிறார், எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. அதனால் எழுதிவிட்டேன்.

திரும்பும்போது பூட்டிய கடைக்கு வெளியே இருந்த அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டு எடுத்துக்கொண்டேன். மின்கம்பத்துச் சுவரொட்டியில் அந்தச் சின்ன ர மேல் அழுத்திப் பெரிய ற எழுதினேன். சண்டை போட்டுக் கற்ற எழுத்து, ஒரே இழுப்பில் வந்தது.

மீசை அவரோடு போகட்டும். அந்த ற என்னுடையது. இனி அவரே எழுந்து வந்து கேட்டாலும் கொடுக்கமாட்டேன்.