பையின் அடித்தையல்

எட்டாம் வகுப்பு படித்தபோது எங்கள் பள்ளியிலிருந்து மலையேற்றத்துக்கு அழைத்துப்போனார்கள். ஆந்திரப் பக்கத்து மலை. இரண்டு நாள் நடை, ஓர் இரவு மேலே தங்கல். அவரவர் பையை அவரவரே சுமக்க வேண்டும். பை, சுமப்பவரின் எடையில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால் வேனில் இடமில்லை என்று விளையாட்டு சார் சொல்லிவிட்டார். வகுப்பிலேயே ஒல்லி நான். எனக்கு ஐந்து கிலோதான் வந்தது. குண்டாக இருந்தவர்களுக்கு எட்டு கிலோ. கணக்கு சரிதான், நியாயம்தான் பிடிபடவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிப் படியேறிய முதல் ஆள் நான். ஏரியில் வலை போடுகிற வீட்டிலிருந்து மலையேறும் முதல் ஆளும் நானாகவே இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். அந்தக் கவலையில் சோறு இறங்கவில்லை. சாப்பிடாமல் இளைத்துவிட்டால் ஐந்து கிலோ இன்னும் குறையுமே என்ற பயத்தில் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

எவர்சில்வர் டம்ளருக்குப் பதில் பிளாஸ்டிக் டம்ளர். போர்வைக்குப் பதில் அம்மாவின் பழைய நைலக்ஸ் புடவை. படுக்க, படகில் விரிக்கும் தார்ப்பாயில் ஒரு துண்டு. சோப்பை நூலால் அறுத்துப் பாதியாக்கினேன். செல்போன் வீடியோவில் பார்த்தபடி பிரஷ்ஷின் காம்பையும் வெட்டினேன்.

“பாதி பிரஷ்ஷுல பாதி வாய்தான் வெளக்குவியா?” என்றார் நைனா. பிறகு மீன் நிறுக்கும் தராசில் பையை மாட்டினார். “அஞ்சுக்கு உள்ளதான் கீது. இப்பவாவது தூங்கு.”

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “மேல போயி காலு வழுக்கிச்சின்னா யாரு தூக்குவாங்கோ?” என்றாள். “படிக்கிற பொண்ணு, போவட்டும் வுடு” என்று நைனா சொன்னதும் அடங்கிப்போனாள். என்னைப் பள்ளிக்கு அனுப்பச் சண்டை போட்டவளே அவள்தான். அவளால் வேறென்ன சொல்லியிருக்க முடியும்?

மறுநாள் காலை மாமா, அம்மாவின் தம்பி, என்னையும் அம்மாவையும் பைக்கில் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் பை தோளை இழுத்தது. பயத்தில்தான் அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன்.

சார் பையைத் தராசில் மாட்டினார். முள் ஆறரையில் போய் நின்றது.

“இன்னாம்மா, ஊரையே கட்டினு வந்துட்டியா?”

எல்லார் முன்னாலும் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தேன். அறுத்த சோப்பையும் வெட்டிய பிரஷ்ஷையும் பார்த்துப் பையன்கள் சிரித்தார்கள். வெறும் பையும் கனத்தது. வேன் ஹாரன் அடித்தது. சார் பைக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்து அடித்துணியைப் பிரித்தார். உள்ளே, வலையின் ஓரத்தில் கோத்திருப்பதுபோல, ஈயக்குண்டுகள் வரிசையாக, நெருக்கமாகத் தைக்கப்பட்டிருந்தன.

“மாமா, இது உன் வேலைதானே!” என்று கத்தினேன். ஊரில் இப்படிப்பட்ட விளையாட்டெல்லாம் அவருடையதுதான். மாமா ஒரு கணம் அம்மாவைப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

“ஆமா கண்ணு, நான்தான். மலைக்காத்து உன்னைத் தூக்கினு போயிடக் கூடாதுன்னுதான்.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. அதன்பின் வெகுநாள் அவரோடு பேசவும் இல்லை. மாமாவுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட வராது என்பது அப்போது என் நினைவுக்கே வரவில்லை.

சார் குண்டுகளை அறுத்தெடுத்து, பொருட்களைத் திரும்பப் போட்டு, மறுபடி நிறுத்தார். முள் ஐந்தைத் தொடவில்லை. அம்மா அருகில் வந்து அந்த முள்ளையே பார்த்தாள்.

“இப்ப சரியாப் போச்சா சார்? நல்லாப் பாத்துட்டீங்களா? கூட்டினு போயிடுவீங்களா?”

“கூட்டினு போயிடுவேம்மா, கவலப்படாத” என்றார் சார்.

அவள் எனக்காகத்தான் அத்தனை தடவை கேட்கிறாள் என்று எனக்கு ஒரே பெருமை. ஓடிப்போய் ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்துக் கையாட்டினேன்.