லென்ஸ் டப்பாவில் ஒரு புழு

என் அக்காவுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவாள். அத்தான் இறந்த பிறகு ஒரு வாரம்கூட அவள் வீட்டில் உட்காரவில்லை. அழவும் இல்லை. "கல்லு மாதிரி இருக்கா பாரு" என்று சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசினார்கள். நான் நறுக்கென்று திருப்பிக் கொடுத்தேன். அவளுக்குத்தான் எதுவும் உறைக்கவில்லை.

அத்தான், செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. அவ்வளவுதான். ஏன் என்று டாக்டரிடம் அக்கா கேட்டாள். காரணம் எதுவும் தெரியவில்லை என்றார். வெளியே வந்து என்னிடமும் கேட்டாள். நான் என்ன டாக்டரா?

அவர் விட்டுப்போனது கூடத்தில் இருக்கும் உப்புத் தண்ணீர் மீன்தொட்டி. இரண்டே மீன், ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை. உப்பு கரைப்பதும் அளவு பார்ப்பதுமாக அவற்றைத் தாங்கு தாங்கென்று தாங்குவார். "என்னைக்காவது என்னை இப்படிப் பாத்திருக்கீங்களா?" என்று அக்கா குத்திக்காட்டுவாள். இப்போது அதையெல்லாம் அவளே செய்தாள், பாத்திரம் கழுவுவதுபோல.

ஒரு நாள் ஒரு மீனைக் காணவில்லை. தொட்டிக்குள் இருந்த பாறையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் வெறும் முள். அதன்மேல் இளஞ்சிவப்பாக என்னவோ புழுக்கள், இரு பக்கமும் முடி முடியாக.

வந்தது வினை. கடையிலிருந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் தொட்டி முன் உட்கார்ந்துவிடுவாள். குட்டி இடுக்கியால் புழுக்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தாள். இன்னொரு மீனையாவது காப்பாற்ற வேண்டுமாம். ஃபோனில் படம் படமாகத் தள்ளிப் பார்த்தாள். எல்லாப் புழுக்களும் ஒரே மாதிரிதான் இருந்தன. அந்த முடிகள் குத்திக் குத்தி அவள் விரல்கள் வீங்கியிருந்தன.

"வலிக்கலையாக்கா?"

"தெரியலடா."

கடைசியில் அகப்பட்ட சின்னப் புழுவை மட்டும் கொல்லவில்லை. கான்டாக்ட் லென்ஸ் டப்பாவில் தொட்டித் தண்ணீரை ஊற்றி அதை அடைத்தாள்.

"அத எதுக்கு பத்திரப்படுத்துற?"

"கொன்னது யாருன்னு பேராவது தெரிய வேணாமா?"

'எனக்கு இது வேண்டும்' என்று அவள் எதையாவது கேட்டே மாதக்கணக்காகியிருந்தது. மறு பேச்சில்லாமல் வண்டியை எடுத்தேன்.

வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரர் அத்தானுக்குப் பழக்கம். அக்கா நடந்ததைச் சொல்ல, புழுவைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இதயா பிடிச்சீங்க? தீப்புழுன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு முடியோட அடியில செவப்பா இருக்கும். அதுதான் பொல்லாதது. இதுக்கு வெறும் வெள்ளை. இது சாதுங்க. செத்தது, மிச்சம் மீதி, அதத்தான் தின்னும்."

"அப்ப என் மீன யாரு கொன்னது?"

"யாரும் கொல்லலீங்க. அதுவா செத்திருக்கும். அப்புறந்தான் இதுங்க வந்திருக்கும்."

"ஏன் செத்துச்சு?"

"அத எப்படிங்க சொல்றது?" என்று அவர் டப்பாவை மூடி நீட்டினார். "இதயாவது திரும்ப விட்டுடுங்க. இல்லன்னா மிச்சத் தீனி அழுகி, இருக்கிற மீனும் போயிடும்."

வழியெல்லாம் அக்கா டப்பாவை மடியில் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் டப்பாவைத் தண்ணீருக்குள் அமிழ்த்திக் கவிழ்த்தாள். புழு நெளிந்து பாறைக்கடியில் போனது. கையைத் துடைக்காமல் அப்படியே நின்றாள். எனக்குப் பயமாக இருந்தது.

"யாராவது கொன்னிருந்தா தேவலடா," என்றாள். "திட்டவாவது ஒரு ஆளு இருந்திருக்கும்."

"மீனுக்குப் போயா, அக்கா?"

"அவருக்குடா."