தன் பேரைத் தானே கூப்பிட்ட மகதலேனா

பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்த மகதலேனா, 1984-இல் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த தனியார் கல்லூரியில் சேர்ந்தாள். பல்கலைக்கழகத்துக்குத் தயார்படுத்தும் ஓராண்டு வகுப்பு. முதல் நாள், மாதா கோயில் காலைப் பூசைக்குக் கட்டிய சேலையோடே வந்துவிட்டாள். அலுவலகத்தில் இருந்த கிளார்க் பூமணி நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்துட்டீங்களா மிஸ்? கிளாஸ்ல காத்துக்கிட்டு இருக்காங்க." பேரைக் கேட்டு எழுதிக்கொண்டு, வருகைப் பதிவேட்டையும் இரண்டு சாக்கட்டிகளையும் கையில் திணித்தாள். அன்று வர வேண்டிய சரித்திர ஆசிரியை வரவில்லை. பிறகும் வரவில்லை.

பெரியவர்களை மறுத்துப் பேசிப் பழகாத மகதலேனா உள்ளே போனாள். பதினேழு பேர் எழுந்து நின்றார்கள். பெயர் கூப்பிட்டாள். ஒன்பதாவது பெயர் அவளுடையது. அதையும் கூப்பிட்டு, "வந்திருக்கேன்" என்று தானே மெல்லச் சொல்லி, அடையாளம் போட்டாள்.

அடுத்த பாடம் பொருளாதாரம். அவள் போய் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த ரமணி அவளையே பார்த்தாள்.

"நீ ஸ்டூடண்டா?"

"ஆமா."

"அப்ப காலையில?"

"சாக்கட்டி குடுத்துட்டாங்க."

ரமணி கொஞ்சம் யோசித்தாள். "பரவால்லலா. நல்லாத்தான் சொல்லிக் குடுத்தே."

மதியம் முதல்வர் வல்லிபுரத்திடம் உண்மையைச் சொல்லப் போனாள். அவர் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு ஃபைல்களை எடுத்துப் பார்த்தார்.

"மாணவி மகதலேனா இருக்கு. ஆசிரியை மகதலேனாவும் இருக்கு, பூமணி காலமே பதிஞ்சிட்டா. ரெண்டும் ஒழுங்காத்தானே இருக்கு? போய்ப் பாடத்தைப் பாருங்கோ."

அதன்பின் அவள் தினமும் ஒரு பாடம் முந்திப் படித்துக்கொண்டு வந்தாள். மற்றவர்கள் சரித்திர வகுப்பில் 'மிஸ்' என்றார்கள். வெளியே வந்ததும் 'லேனா' என்றார்கள். தேர்வு வைத்தபோது தானும் எழுதினாள். தனக்கே மார்க்கை அள்ளிப் போட்டதாக யாரும் சொல்லிவிடக் கூடாதென்று கறாராகத் திருத்தினாள். நாற்பத்தைந்து வந்தது.

ஐம்பதுக்குக் கீழே எடுத்தால் பெற்றோர் வர வேண்டும் என்பது முதல்வரின் விதி. ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்த அவள் அப்பா கிரிகரி, லீவு போட்டுவிட்டு, தேய்த்த சட்டையில் வந்தார்.

"இவதான் சரித்திர ஆசிரியை, மிஸ் மகதலேனா. உங்கட மகளுக்கும் இதே பேர், பாருங்கோ" என்றார் வல்லிபுரம்.

கிரிகரி மகளைப் பார்த்தார். முதல்வரைப் பார்த்தார். அதிகாரி முன்னால் வாய் திறந்து அவருக்குப் பழக்கமில்லை. உட்கார்ந்தார்.

"என் மக எப்படிப் படிக்குது, மிஸ்?"

"தேதியெல்லாம் மாத்தி எழுதுறா, சார்."

"வீட்ல புத்தகமும் கையுமாத்தான் இருக்கு."

"இன்னும் கொஞ்சம் கவனிக்கணும்."

"சொல்றேன், மிஸ்."

இருவரும் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி நடந்தார்கள். வழியில் அவர், "நாப்பத்தஞ்சு ரொம்பக் கம்மி. நீதானே போட்டே?" என்றார்.

"தேதி தப்பா இருந்துச்சுப்பா."

"அப்ப சரி."

ஆண்டு முடிவில் பதினெட்டுப் பேரும் சரித்திரத்தில் தேறினார்கள். அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அங்கே சேர்ந்த மூன்றாம் வாரம் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது: ஆசிரியை மகதலேனா முன்னறிவிப்பின்றி வேலைக்கு வராததற்கு ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். அவள் மன்னிப்புக் கேட்டு இரண்டு பக்கம் எழுதி, முத்திரை ஒட்டி அனுப்பினாள். மன்னித்ததாகப் பதில் வந்தபோதுதான் அவளுக்கு நிம்மதி.