கொல்லிமலைக்குப் பெயின்ட் அடிக்கப் போனோம்

லாரிக்குப் பாடி கட்டுகிற தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு. நாம் மாட்டிய பின்கதவு நடுரோட்டில் கழன்று விழுந்தால், முயற்சி எடுத்தாரே அதுவே பெரிசு என்று யாரும் கை தட்ட மாட்டார்கள். ஊழியப் பயணத்தில் தட்டுவார்கள்.

நாமக்கல்லில் முப்பது வருடமாக அந்தத் தொழில் செய்கிறவன் நான். எங்கள் சபையிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவை, கொல்லிமலை வாழவந்தி நாட்டில் இருக்கும் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு வேன் பிடித்துப் போவோம். மலையில் மரவள்ளியும் மிளகும் போட்டுப் பிழைக்கிற குடும்பங்களின் பிள்ளைகள், வீட்டுப் பக்கத்தில் பெரிய பள்ளிக்கூடம் இல்லாததால் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். நாங்கள் போவதற்குப் பெயர் பழுதுபார்ப்பு ஊழியம். போகிறவர்கள் இருபது பேர். அதில் ஸ்குரூ எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்று தெரிந்தவன் நான் ஒருத்தன். இந்த மாதிரிக் குழுக்களில் சுத்தியலோடு மாட்டிக்கொண்டு விழித்தவர்கள் ஊருக்கு ஊர் இருப்பீர்கள். நான் பட்டது உங்களுக்குப் புரியும்.

கேட்டது இரண்டு தாழ்ப்பாள்

பயணத்துக்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் கூட்டம் போட்டோம். குழுத் தலைவர் ஜெபராஜ், வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். போனை ஸ்பீக்கரில் போட்டு, என்ன வேலை இருக்கிறது என்று இல்லத்து வார்டன் ராஜேஸ்வரியிடம் கேட்டார். அந்த அம்மா யோசிக்கவே இல்லை. பெண்பிள்ளைகள் குளிக்கிற ரூம் இரண்டுக்கும் உள்தாழ்ப்பாள் கிடையாது, அதை மட்டும் போட்டுக்கொடுத்தால் போதும் என்றார். அவர் அதைக் கேட்பது மூன்றாவது வருடம்.

சும்மா வாங்கி மாட்டுகிற வேலை இல்லை அது. கதவு நிலைச் சட்டத்தில் கரையான் ஏறியிருக்கிறது, ஸ்குரூ பிடிக்காது. இரும்பு ஆங்கிள் வைத்து போல்ட் போட வேண்டும். ஒரு ஆள், ஒரு நாள். எழுந்து நின்று அதைச் சொன்னேன். தலைவர் டைரியில் எழுதிக்கொண்டார். எழுதியதைப் படித்துப் பார்த்தார். உட்கார்ந்திருந்த மற்றவர்களையும் பார்த்தார். டைரியை மூடிவிட்டு, இந்த வருடமும் சுவருக்குப் பெயின்ட் என்று அறிவித்தார். தாழ்ப்பாள் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“ஏனுங்க பிரதர், ரெண்டு தாழ்ப்பாளுக்கு இருபது பேரு வேன் ஏறிப் போனா, பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?”

எழுபது வளைவு

காரவள்ளியில் மலை ஏற ஆரம்பிக்கும்போது எல்லாரும் பாட்டுப் பாடினார்கள். இருபதாவது கொண்டை ஊசி வளைவில் பாட்டு நின்றது. முப்பதில் ஒருவர் ஜன்னலைத் திறந்தார். அதற்குப் பிறகு ஜன்னல் ஓரத்துக்கு அடிதடி. காலையில் இட்லி சாப்பிடாதீர்கள் என்று வருடா வருடம் சொல்கிறேன். ஊழியத்துக்குப் போகிற வயிற்றுக்குத் தனிக் கிருபை உண்டென்று வருடா வருடம் சாப்பிடுகிறார்கள்.

மேலே போய்ச் சேர்ந்ததும் டீக்கடையில் நிறுத்தினோம். ஒரே நிறத்தில் டீ சர்ட் போட்ட கூட்டம் பெஞ்சிலும் தரையிலும் சாய்ந்து கிடந்தது. எங்கே போகிறோம் என்று கடைக்காரர் விசாரித்தார். இல்லத்தில் ரிப்பேர் வேலைக்கு என்றேன்.

“அப்படிங்களா, நான் ஆஸ்பத்திரிக்கு வழி கேப்பீங்கன்னு பாத்தேன்.”

சுவரின் வயது

பெயின்ட் அடிக்கத் தேர்ந்தெடுத்தது சாப்பாட்டுக் கூடத்தின் முன்சுவர். போட்டோவுக்கு வெளிச்சம் அங்கேதான் விழுகிறது. போன வருடம் நாங்கள் அடித்த மஞ்சள் அதில் இல்லை. ஊதாவாக இருந்தது. ஓரத்தில் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். ஊதாவுக்குக் கீழே ரோஸ், ரோஸுக்குக் கீழே எங்கள் மஞ்சள், அதற்கும் கீழே ஏதோ நீலம். ஒவ்வொரு பூச்சும் ஒரு சபை. ஜன்னல் சட்டத்தில் பெயின்ட் ஏறி ஏறி, கதவு பொருந்தாமல் விரல் நுழைகிற அளவுக்குத் திறந்தே நிற்கிறது. சாப்பிடும்போது சாரல் தட்டில் விழுவதாகச் சமையல்காரம்மா சொன்னார்.

தூசி துடைக்காமல், பழைய பெயின்டைத் தேய்க்காமல், நம் ஆட்கள் மறுபடி மஞ்சளை அப்பினார்கள். ஒரு கல்லூரிப் பேராசிரியர் ரோலரை முதுகு சொறிகிற மாதிரி பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் போட்டோவுக்கு நின்றார். இதைத் தடுக்கக் கூடாதா என்று ராஜேஸ்வரியிடம் கேட்டேன்.

“அடிச்சுக்கட்டும் விடுங்கண்ணா, அடுத்த மாசம் வாரவங்க பச்சைன்னு சொல்லியிருக்காங்க.”

ஒதுக்கி வைத்த குழாய்

கை கழுவுகிற இடத்தில் ஒரு குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது. ஒழுகுகிற குழாயைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியாது. பையில் வாஷர் இருந்தது, ஐந்து நிமிடத்தில் மாற்றிவிட்டேன். நன்றி சொல்ல வருகிறார் என்று பார்த்தால், ராஜேஸ்வரி தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தக் குழாயை பெங்களூரிலிருந்து வருகிற சபைக்காரர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தாராம்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. ஒரு தடவை வந்த குழுவுக்குச் செய்ய வேலை ஒன்றும் இல்லாமல் போயிருக்கிறது. இங்கே எங்கள் தேவை இல்லை போலிருக்கிறது என்று முகம் சுண்டிப் போனவர்கள், திரும்பி வரவே இல்லை. அவர்களோடு வந்துகொண்டிருந்த கம்பளியும் வரவில்லை. அதிலிருந்து யார் வந்தாலும் அவர்களால் முடிகிற மாதிரி ஒரு உடைசலைத் தயாராக வைத்திருக்கிறார். இதே மலையில் குண்டனி நாட்டு விவசாயக் குடும்பத்தில் பிறந்த அந்த அம்மாவுக்கு எங்கள் மேனேஜரை விட நிர்வாகம் தெரியும். அப்படியானால் குளியலறைத் தாழ்ப்பாளை எந்தச் சபைக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கொஞ்சம் குத்தலாகவே கேட்டேன்.

“அது யாருக்கும் ஒதுக்கலீங்கண்ணா, அதை வாரவங்க எல்லார்கிட்டயும்தான் சொல்றேன்.”

வண்ணத்துப்பூச்சி

மதியத்துக்கு மேல் பெயின்ட் மீந்தது. மீந்த பெயின்டும் கலை ஆர்வமும் ஒரே இடத்தில் சேர்ந்தால் ஆபத்து. எங்கள் டாக்டர் ஒருவரின் மனைவி, குளியலறைக் கதவுகளை அழகுபடுத்துகிறேன் என்று போனார். போய்ப் பார்த்தபோது ஒரு கதவில் பெரிய வண்ணத்துப்பூச்சி. வேலை சுத்தமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் எந்தக் காலத்திலோ தாழ்ப்பாள் இருந்து பிடுங்கிப் போன ஓட்டை, கதவை ஊடுருவிக்கொண்டு அப்படியே இருந்தது. அதைச் சுற்றித்தான் பூச்சியின் தலையை வரைந்திருந்தார். இந்த ஓட்டையை என்ன செய்வது சிஸ்டர் என்றேன்.

“கர்த்தர் எப்படி நடத்தறார் பாருங்க பிரதர், அது கண்ணுக்குன்னே அமைஞ்சிடுச்சு.”

முறைக்கு ஒருத்தி

சாயங்காலம் ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் வந்தேன். இரண்டாவது கதவில் முதுகைச் சாய்த்து, காலை ஊன்றிக்கொண்டு ஒரு பிள்ளை நின்றது. பெயர் கோகிலா, ஏழாவது படிக்கிறாள். கையில் சமூக அறிவியல் புத்தகம். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம். வெளிப்பக்கம் திறக்கிற கதவு அது, மலைக்காற்று ஒரு இழுப்பு இழுத்தால் விரியத் திறந்துகொள்ளும். அதனால் ஒருத்தி குளிக்க, ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முறை போட்டிருக்கிறார்கள்.

“அங்கிள், அந்தப் பக்கமா சுத்திப் போங்க” என்றாள். அதிகாரமாகத்தான் சொன்னாள். நான் திரும்பி நின்றுகொண்டு, தினமும் இப்படித்தானா கண்ணு என்று கேட்டேன். தினமும்தான் என்றாள். முற்றத்தில் எங்கள் ஆட்கள் பெயின்ட் டப்பாவோடு குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார்கள். மூன்று வருடமாக இந்தக் கதவைத் தாண்டிப் போயிருக்கிறேன். கதவின் நிலைச் சட்டத்தைப் பார்த்தேனே தவிர, அதன்மேல் சாய்ந்து நின்றவளைப் பார்க்கவில்லை. கோகிலா முற்றத்தை எட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு பெண்ணையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். ஒருத்தி போதாதா என்றேன்.

“மத்த நாள்ல போதுமுங்க, நீங்கெல்லாம் வந்தா ரெண்டு பேரு நிக்கோணும்.”

அருவியும் நானும்

மறுநாள் காலையில், தாழ்ப்பாள் வேலைக்கு எனக்கு ஒரு நாள் கொடுங்கள், கூட யாரும் வேண்டாம் என்று தலைவரிடம் கேட்டேன். அன்றைய நிகழ்ச்சி நிரலில் ஆகாய கங்கை அருவி இருந்தது. ஐக்கியம் முக்கியம், பிரிந்து போகக் கூடாது என்றார். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அத்தனை படியும் இறங்கினேன். அருவியில் தலையைக் கொடுத்து நிற்கும்போது வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் நின்றேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த ஞாயிறு சபையில் திரை கட்டிப் படம் காட்டினார்கள். மஞ்சள் சுவர், பேராசிரியரின் ரோலர், கடைசியில் வண்ணத்துப்பூச்சி. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தலைவர் என் தோளைத் தட்டினார்.

“தாழ்ப்பாளு எங்கீங்க ஓடிப் போகுது, அடுத்த வருஷம் மொத வேலையா ஜெபத்துல வெச்சுப் பண்ணிப்போடலாம் பிரதர்.”

செவ்வாய்க்கிழமை

அவர் ஜெபத்தில் வைக்கட்டும் என்று விட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினேன். பட்டறையில் வெட்டி ஓட்டை போட்ட நாலு இரும்பு ஆங்கிள், லாரி பின்கதவுக்கு நான் போடுகிற தடிமனான தாழ்ப்பாள் போல்ட் இரண்டு, டிரில். ராஜேஸ்வரி கேட்டுக்கு வந்து எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, டீம் எங்கே என்றார். டீம் வரவில்லை என்றேன். உள்ளே போய் டீ போட்டு எடுத்து வந்தார். நிலையில் கரையான் தின்ற பாகத்தைச் செதுக்கி எறிந்துவிட்டு, சுவரோடு ஆங்கிளைப் பிடித்து போல்ட்டை மாட்டினேன். வண்ணத்துப்பூச்சியின் கண்ணைத் தகடு வைத்து அடைத்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் போல்ட்டைத் தள்ளியும் இழுத்தும் பார்த்தார்கள். கோகிலா பக்கெட்டோடு முதலில் உள்ளே போனாள். போல்ட் விழுகிற சத்தம் கேட்டது. அவளோடு வந்த பெண் பழக்க தோஷத்தில் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். நான் சாமான்களை எடுத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டி நடந்தேன். பின்னால் கோகிலாவின் குரல் கேட்டது.

“தாப்பா போட்டாச்சுடி, நீ எதுக்கு நிக்கறே, போய் வெளையாடு.”

இருபது பேரால் ஆகாததை நான் ஒருத்தன் செய்தேன் என்று சபையில் சாட்சி சொல்லலாம்தான், மூன்று வருடமாக அந்த இருபதாவது ஆள் நானாக இல்லாதிருந்தால்.