பத்தாயத்தில் ஒரு கைப்பிடி

வடகரப்பதியில் எங்கள் வீட்டு உள்ளறையை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு ஒரு பத்தாயம் இருந்தது. நெல் கொட்டிவைக்கும் பெரிய மரப்பெட்டி. அறைக்குள்ளேயே வைத்துச் செய்ததால் வாசல் வழியாக வெளியே வராது. பத்துப் பேர் ஆயுசுக்கும் உட்கார்ந்து சாப்பிடலாம், அதனால்தான் அதற்குப் பத்தாயம் என்று பெயர் வந்தது என்பார் பெரியப்பா. அவர் சொன்னால் எனக்கு வேதவாக்கு. பின்னாளில் நான் புரட்டிய அகராதி எதிலும் அந்தப் பத்துப் பேர் இல்லை.

அடியில் தங்கும் நெல்லை எடுக்க, பக்கவாட்டிலிருந்த சின்னக் கதவு வழியாக என்னைத்தான் உள்ளே விடுவார்கள். பெரியவர்கள் நுழைய முடியாதல்லவா, அந்தப் பெருமையில் எனக்குத் தலைகால் புரியாது. ஒவ்வொரு முறையும் பெரியப்பா மறக்காமல் சொல்வார்: "ஒரு கைப்பிடி உட்டுட்டு வா அம்மணி. பத்தாயத்தத் தொடச்சு எடுக்கக் கூடாது. அடுத்த வெள்ளாமைய அது மேலதான் கொட்டோணும்."

அந்தத் தை மாதம் அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். தோட்டம், கிணறு, மாடு எல்லாம் முடிந்து பேச்சு பத்தாயத்தில் வந்து நின்றது. யாருக்கும் முழுசாகக் கொடுக்க வழியில்லை. அறுத்துப் பலகையைப் பங்கு போடுவதென்று முடிவானது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. வாசலில் ரம்பத்தோடு ஆசாரி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

என்னைத் தூக்கி உள்ளே விட்ட பெரியப்பா, "ஒண்ணும் உடாம வழிச்சுரு கண்ணு" என்றார்.

"கைப்பிடி நெல்லு வேண்டாமுங்களா பெரியப்பா?"

"சொன்னதச் செய்யி" என்று அப்பாவின் குரல்தான் வந்தது.

சந்துபொந்தெல்லாம் ஈர்க்குச்சியால் நோண்டி, கடைசி நெல்லைத் தேங்காய்ச் சிரட்டையில் அள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். நெல்லுத் தூசி என்று நினைத்தேன். பெரியப்பா அந்த நெல்லை இரண்டாக்கி, பாதியை அப்பாவின் கையில் வைத்தார். அப்பா விரல்களை மூடவில்லை. நெல் தரையில் சிந்தியது. அத்தனை பாடுபட்டு வழித்ததை இப்படிச் சிந்துகிறாரே என்று எனக்குக் கோபமாக வந்தது.

வெளியே வரும்போது கதவுச் சட்டத்தில் உரசி என் தோள் சிராய்த்திருந்தது. அடுத்த அறுப்புக்குள் நான் இன்னும் வளர்ந்துவிட்டால் பெரியப்பா என்னை எப்படி உள்ளே விடுவார்? அன்றைக்கு எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.