புல்லுக்குள் குட்டிகள்

டோர்வல் விமான நிலையத்தில் ஆப்பிரிக்கா போகும் விமானத்துக்குக் காத்திருக்கிறேன். நான் வேலை செய்யப்போகும் சரணாலயத்தின் நீர்நிலை, கைபேசியில் நேரலையாகத் தெரிகிறது. சற்று முன் அம்மாவோடு போனில் நான் பேசிய தமிழைக் கேட்டு, தரை துடைக்கும் யாழ்ப்பாணத்து அக்கா எட்டிப் பார்க்கிறார்.

“உது படமோ பிள்ளை?”

“நிஜம்தான்க்கா. இப்ப நடக்குது.” எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான், சிங்கங்களை ஆராய்கிறேன் என்பதையும் அவர் கேட்காமலே சொல்கிறேன்.

மூன்று ஆண் சிங்கங்கள் கூட்டுச் சேர்ந்து, அங்கிருந்த பழைய ஆண்களைத் துரத்திவிட்டன. இனி, துரத்தப்பட்டவற்றின் குட்டிகளை இந்த மூன்றும் தேடிக் கொல்லும். குட்டிகள் புல்லுக்குள் பதுங்கிக் கிடக்கின்றன. தாய் எழுந்து அந்த மூன்றையும் நோக்கி நடக்கிறது. அக்காவும் பார்க்கக் கைபேசியைச் சாய்த்து, நடப்பதைச் சொல்கிறேன்.

“பிள்ளையளை விட்டிட்டு ஏன் உவங்களிட்டப் போறாள்?”

“அவங்கள வேற பக்கம் இழுத்துட்டுப் போகத்தான்க்கா.”

அக்கா மாப்பை விட்டுவிட்டு என் தோளைப் பிடிக்கிறார். “கெட்டிக்காரி. திரும்பிப் பாத்திடாதையடி, காட்டிக் குடுத்திடுவாய்.”

தாய் திரும்பவில்லை. நீர்நிலையைத் தாண்டி நடக்கிறது. இரண்டு ஆண்கள் அதன் பின்னாலேயே போகின்றன. மூன்றாவது நிற்கிறது; புல்லைத் திரும்பிப் பார்க்கிறது.