அப்பாவின் மலையும் அம்மாவின் மலையும்

எந்த மலைக்குப் போகிறோம் என்று தெரியாமலேயே நான் அந்தப் பயணத்துக்குத் திட்டம் போட ஆரம்பித்தேன்.

அப்பாவுக்கு அறுபது நிறைந்து, எங்கள் ஊரான கிள்ளானில் ஒரு கோயிலில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. மாலையும் கழுத்துமாக அப்பா மறுபடி தாலி கட்டி முடித்ததும், பின்னால் நின்ற சித்தி, "ஹனிமூன் எங்க அத்தான்?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. அப்பா வெட்கப்பட்டுக்கொண்டே, "அதான் அப்பவே போயிட்டு வந்தாச்சே, பிரேசர் மலைக்கு" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா குனிந்த தலை நிமிராமல், "கேமரன்" என்றார். மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த ஐயர்கூட நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

அன்றைக்குப் பந்தியிலேயே அண்ணனும் நானும் பேசி முடித்துவிட்டோம். கல்யாணமான புதிதில் போன அதே மலைக்கு அவர்களை மறுபடி அழைத்துப் போவது. சனிக்கிழமை காலை ஏறி, ஞாயிறு இறங்குவது. அண்ணன் செமினியில் இருக்கிறான், வீட்டில் கைக்குழந்தை. "என்னால வர முடியாது. நீதான் லிஸ்ட் போடுற ஆளு, நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் பாயசம் வாங்கப் போய்விட்டான்.

அந்தப் பழைய பயணத்தில் அவர்கள் இருவருக்கும் சந்தேகமே இல்லாத விஷயம் ஒன்றுதான், ஒரு பறவை. மலையேறும் வழியில் காரை நிறுத்திவிட்டு நின்றபோது தலைக்கு மேல் பெரிய சத்தம் கேட்டதாம். பழைய நீராவி ரயில் மூச்சு விடுவது போல என்பார் அப்பா. யாரோ ஈரப்பாயை உதறுவது போல என்பார் அம்மா. நிமிர்ந்து பார்த்தால், அலகின் மேல் சிவப்புக் கொம்பு வைத்த இருவாச்சி ஒன்று மரங்களுக்கு மேலே சிறகடித்துப் போயிருக்கிறது. மறுபடி அதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஆசை. அப்பாவுக்கும் அதுவே.

பறவை ஒன்று, மலை மட்டும் இரண்டு. புகைப்படங்களைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். எல்லாப் படத்திலும் வெள்ளையாகப் பனிமூட்டம். அதன் நடுவில் மீசை வைத்த அப்பா, ரெட்டைச் சடை அம்மா. எந்த நாட்டு மலை என்றுகூடச் சொல்ல முடியாது.

நான் நெட்வொர்க் வேலையில் இருக்கிறேன். பங்சாரில் அலுவலகம், பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகை அறை. இரண்டு இயந்திரங்கள் இரண்டு விதமாகச் சொன்னால் எது இதுவரை குறைவாகத் தவறு செய்திருக்கிறதோ அதைத்தான் முதலில் நம்புவோம். எங்கள் வீட்டில் அது அம்மா. கிள்ளான் துறைமுகத்தில் அத்தனை உயரத்தில் உட்கார்ந்து கிரேன் ஓட்டிய அப்பா, வீட்டுக்கு வந்தால் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுவார். அம்மாவோ யார் பிள்ளைக்கு என்ன நட்சத்திரம், எந்தக் கல்யாணத்தில் யார் என்ன சேலை என்று கேட்டவுடன் சொல்வார். சொந்தக்காரர்கள் போன் போட்டுக் கேட்பார்கள். எனவே நான் யோசிக்காமல் கேமரன் மலையில் ஒரு விடுதியைப் பதிவு செய்தேன். அப்பா எதிர்த்தார், அதுவும் வழக்கம்தான்.

"நீங்க ஆத்தாளும் மகளும் கேமரன் போங்க. நான் பிரேசர் மலையில எறங்கிக்கிறேன்."

"இவர விட்டா வீட்டு நம்பரையே மறந்துட்டு எதுத்த வீட்டுல போய் உக்காருவாரு. இவரு மலைய ஞாபகம் வெச்சிருக்காராம்" என்றார் அம்மா.

அம்மா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்த வாரம் முழுக்க அவர் அந்தப் பேச்சை விடவில்லை. மூன்று முறை எனக்குப் போன் செய்து கேமரன்தான் என்பதற்கு ஆதாரம் சொன்னார். தேயிலைத் தோட்டம், காகிதக் கூம்பில் ஸ்ட்ராபெரி, அதன் புளிப்பு தாங்காமல் அப்பா ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டது. எதற்காக இத்தனை முறை சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. புரிந்திருக்க வேண்டும்.

அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, இப்போது யாரையும் அடையாளம் கண்டுகொள்வதில்லை. முன்பு அவரும் அம்மாவைப் போலத்தான். அம்மாவுக்கே மறந்தால் அவரிடம்தான் கேட்பார். முதலில் இடங்களைத்தான் மாற்றிச் சொன்னார். ஈப்போவில் நடந்ததைத் தைப்பிங்கில் நடந்ததாகச் சொல்வார், நாங்கள் சிரிப்போம். அப்புறம் ஆட்கள் மாறினார்கள். அதன்பிறகு சிரிக்க ஒன்றும் இல்லை. பெரியம்மாவைப் பார்த்துவிட்டு வரும் நாட்களில் அம்மா காய் நறுக்கிக்கொண்டே பழைய கார் நம்பர்களையும் டெலிபோன் நம்பர்களையும் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். ஏதோ சாமி பாட்டு என்று முதலில் நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்தேன். அம்மா எதிரில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். அப்பா ஹாலில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் போனில், ஸ்பீக்கரில்.

"அப்ப அவங்க மலைக்குப் போன கார் பெரியப்பாவோடதுதானே? பெரியம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா…" என்று ஆரம்பித்த அண்ணன் அப்படியே நிறுத்திவிட்டான். பெரியப்பா இப்போது இல்லை. பெரியம்மா இருக்கிறார், கேட்க முடியாது. குழந்தை அழுவதாகச் சொல்லிப் போனை வைத்தான். எந்த அழுகையும் எனக்குக் கேட்கவில்லை.

அம்மா இன்னும் நாலு நெத்திலிக்குத் தலை கிள்ளினார். பிறகு அவராகவே, "அந்தப் பறவைய எங்க பாத்தோம்னு சொல்றேன், எழுதிக்க" என்றார். "மேல போற ரோடு ரொம்பக் குறுகல். ஒரு வண்டிதான் போகும். அதனால கேட் போட்டு வெச்சிருப்பாங்க. கொஞ்ச நேரம் ஏறுற வண்டிய விடுவாங்க, கொஞ்ச நேரம் எறங்குற வண்டிய விடுவாங்க. நாங்க போனப்ப கேட் சாத்திட்டாங்க. ரோட்டோரம் காரப் போட்டுட்டு, கட்டிட்டு வந்த நாசி லெமாக்கத் திறந்து சாப்பிட்டோம். அப்பதான் சத்தம் கேட்டுச்சு."

தட்டச்சு செய்துகொண்டிருந்த என் கை நின்றது. அந்த வாரம் இரண்டு மலைகளைப் பற்றியும் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். அப்படிக் கேட் போட்டு, நேரம் வைத்து ஒரு பக்கமாக வண்டிகளை விட்ட சாலை பிரேசர் மலைக்குப் போகும் சாலை. கேமரனுக்கு ஏறும் வழியில் அப்படி ஒன்று இருந்ததாக எங்கும் இல்லை. அம்மா அவ்வளவு தெளிவாகச் சொன்னது அப்பாவின் மலையை.

இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவின் ஞாபகம் சரி, அது இருந்த ஊர்தான் தவறு. இதைச் சரி என்பதா, தவறு என்பதா? வேலையில் இப்படி ஒரு கோளாறு வந்தால் அதற்கு ஒரு பெயர் வைத்து, சரிசெய்துவிட்டு, மூடிவிடுவேன்.

ஹாலில் தொலைக்காட்சிச் சத்தம் நின்றிருந்தது. அப்பா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். எழுந்து வந்து மேசை அருகில் நின்றார். இப்போது ஜெயித்த கதையைப் பேசப் போகிறார் என்று பயந்தேன்.

"ஆமா லா, கேமரன்தான்" என்றார் அப்பா. "நான்தான் மாத்திச் சொல்லிக்கிட்டு இருந்தேன். நீ புக் பண்ணதையே வெச்சுக்க பாப்பா."

அம்மாவின் விரல்கள் நெத்திலியிலேயே நின்றன. "என்ன சொன்னீங்க?"

"கேமரன்னு சொன்னேன். நீ சொன்னதுதான் சரி."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நான் சொன்னது சரின்னு சொல்லியிருக்கீங்களா?"

"சொல்லலன்னா திட்டு, சொன்னாலும் திட்டா? என்னம்மா நீ."

"கார் சாவிய நீங்களே பிரிட்ஜுல வெச்சிட்டு நான் வெச்சேன்னு சண்ட போட்ட ஆளு நீங்க."

"அது நீ வெச்சதுதான்."

"பாத்தியா! இதுக்கு ஒத்துக்க மாட்டாரு. மலைக்கு மட்டும் ஒத்துக்குவாரு." அம்மா என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. "நீ சொல்லு. அந்தக் கேட் எங்க இருந்துச்சு?"

அப்பா அம்மாவுக்குப் பின்னாலிருந்து எனக்குக் கண்ணைக் காட்டினார். சொல்லாதே என்றுதான் அர்த்தம். அப்பா தோற்றுப்போனதாக நடித்து நான் பார்த்ததே இல்லை. அதில் அவருக்குத் துளியும் பழக்கம் இல்லை என்பது தெரிந்தது. அம்மாவைப் பயமுறுத்தியதும் அதுதான். அப்பா சண்டை போட்டிருந்தால் அவர் நிம்மதியாக இருந்திருப்பார்.

"பிரேசர் மலைமா" என்றேன்.

அம்மா எழுந்து கை கழுவினார். நெத்திலி வாசம் போகப் புளியைத் தேய்த்து மறுபடி கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அப்ப ஸ்ட்ராபெரி?"

"நான் சாப்பிடலம்மா" என்றார் அப்பா மெதுவாக.

"ஒரு கண்ண மட்டும் மூடிக்கிட்டு மூஞ்சியச் சுளிச்சது எனக்கு இப்பவும் தெரியுது. அப்ப அது யாரு?"

அம்மா தனக்குத்தானே, கல்யாணத்துக்கு முன் பெரியம்மாவோடு ஒருமுறை கேமரன் போனதாகச் சொன்னார். பெரியம்மாவாக இருக்கலாம் என்றார். அப்புறம், இல்லை, மீசை ஞாபகம் இருக்கிறதே என்றார். கடைசியில் "தெரியல" என்றார். அம்மா அந்தச் சொல்லைச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை.

சாயங்காலம் அண்ணனிடம் போனில் சொன்னேன். "அம்மாவுக்குக் குளுருற எடம் எல்லாமே கேமரன்தான் லா. இதுக்குப் போயா?" என்றான். எங்கள் வீட்டில் மலை என்றாலே கேமரன் என்பது உண்மைதான். பள்ளி விடுமுறை என்றால் கேமரன், தீபாவளிக்கு மறுநாள் கேமரன். இரண்டு பயணங்கள் ஒன்றோடொன்று கலந்துபோவது யாருக்கும் நடக்கும். எனக்கே நடக்கும். ஆனால் பெரியம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதி வைத்துப் பார்த்தேன். எதையும் அடிக்க முடியவில்லை.

அம்மாவிடம், முதலில் டாக்டரைப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"பாக்கலாம். மலைக்குப் போயிட்டு வந்து" என்றார். "கேமரன கேன்சல் பண்ணு. பிரேசர் மலைக்கே போடு. ஆனா ஒண்ணு, அங்க என்னென்ன இருக்குன்னு என்கிட்ட சொல்லாத. போட்டோ காட்டாத. நானா பாத்து எனக்கா தெரியுதான்னு பாக்குறேன்." பிறகு ஹால் பக்கம் குரலை உயர்த்தினார். "உங்களுக்கும்தான். 'இங்கதான் நின்னோம், அங்கதான் நின்னோம்'னு கைய நீட்டிக்கிட்டு வரக் கூடாது."

"நான் வாயே திறக்கல தாயே" என்றார் அப்பா.

மறுநாள் மதியம் அலுவலகத்திலிருந்து பிரேசர் மலை விடுதிக்குப் போன் செய்தேன். எடுத்த மலாய்க்காரர் அறை இருக்கிறது என்றார். எங்காங், அதாவது இருவாச்சி, கண்டிப்பாகத் தெரியுமா என்று கேட்டேன். "அது மூட் இருந்தா வரும் லா அக்கா" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். வழிகாட்டி வேண்டுமா, எல்லா இடத்தையும் விளக்கிச் சொல்லுவார் என்றார். விளக்க வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். அறையை மட்டும் பதிவு செய்துகொண்டு போனை வைத்தேன்.

எந்தப் பயணம் என்றாலும் எங்கே நிற்கிறோம், என்ன பார்க்கிறோம், எதைச் சாப்பிடுகிறோம் என்று வரிசையாக எழுதி எல்லாருக்கும் அனுப்புவது என் பழக்கம். இந்த முறை கிளம்பும் நேரத்தைத் தவிர வேறு எதையும் அனுப்பவில்லை. பழைய கேட் இருந்த இடத்தில் காரை நிறுத்துவதா, வேகத்தைக் குறைக்காமல் போய்விடுவதா? நிறுத்தினால் அது சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகும். நிறுத்தாமல் போனால் அம்மாவுக்கு அடையாளம் தெரிய வாய்ப்பே கொடுக்காத மாதிரி. நான் அம்மாவை ஊர் சுற்றிக் காட்ட அழைத்துப் போகிறேனா, பரீட்சைக்கா என்றும் தெரியவில்லை. இதில் அவர் பாஸ் ஆனால்தான் என்ன தெரிந்துவிடும்? அப்பாவைக் கேட்டேன். "வண்டிய ஓட்டு, மத்தத அப்புறம் பாக்கலாம்" என்றார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் வேலை முடிந்து கிள்ளானுக்கு வந்தபோது அம்மா சமையலறையில் பைக்குள் எதையோ அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அங்க அட்டை இருக்குமா?" என்று கேட்டார்.

இருக்கும். மழை பெய்திருந்தால் நிறையவே இருக்கும். ஆனால் அதைச் சொல்வது, சொல்லாதே என்று அவர் சொன்னதில் சேருமா சேராதா என்று எனக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றேன்.

"சரி சரி, சொல்லாத" என்றார் அம்மா. அலமாரியிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்துப் பைக்குள் செருகினார். "இருக்கும். போன தடவ கால்ல ஏறிடுச்சு. ரத்தம் நிக்கவே இல்ல." பையின் ஜிப்பை இழுத்தவர் பாதியில் நிறுத்தி, கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு முழுவதும் இழுத்து மூடினார்.

"யாரு கால்னு மட்டும் கேக்காத" என்றார்.